வானம் பார்க்க வேண்டிய கை

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் போகும் ரயில் தொண்ணூறு கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் இறங்கி நடந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று எதிரே இருந்தவர் சொன்னார். நான் பார்த்த வரை யாரும் இறங்கவில்லை. 1981 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரைக்குப் போடியில் இறங்கினேன். கட்டணம் நான்கு ரூபாய் எண்பது காசு.

போடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏலக்காய் வாங்க வருகிறார்கள். நான் சுவர் பார்க்க வந்தேன். பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன் கல்லூரியில் இரண்டு ஆண்டு நிலவியல் படித்தவன் நான். அதில் மிஞ்சிய பழக்கம், பழைய கட்டடம் எதைக் கண்டாலும் கல்லின் பக்கவாட்டைப் பார்ப்பது. போடிக்குச் சுற்றிலும் கிடைக்கும் கல்லில் ஒரு வகை, கோடு கோடாக இருக்கும். மிகப் பழைய காலத்தில் நீருக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மணலும் சேறும் சுண்ணாம்பும் பூமியின் ஆழத்துக்குப் போய், சூட்டிலும் அழுத்தத்திலும் வேறு கல்லாக மாறிவிட்டன. படிந்த அடுக்கு மட்டும் வரிகளாகத் தங்கியிருக்கிறது. எல்லா வரியும் அப்படி வந்ததல்ல, அழுத்தத்தில் பிறந்த வரியும் உண்டு. இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம்; நான் சொல்ல முயலவும் இல்லை.

பகல் ஒரு மணி. கடைத்தெருவுக்குப் பின்னால், சரக்கு சேர்த்துவைக்கும் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி. வெளிச்சுவரில் பூச்சு இல்லை. மழை எழுபது ஆண்டாக மென்மையான வரிகளை அரித்துவிட்டு, கடினமான வரிகளைத் தூக்கலாக விட்டிருந்தது. ஒரு கல்லில் விரல் வைத்து எண்ணினேன். பதினேழு வரி. வெளுத்த சாம்பல் நிறம், அதற்கு மேல் கறுப்பு, நடுவே மாதுளை முத்து அளவில் சிவப்புப் பொட்டுகள். சுவர் முழுவதும் பார்த்தேன். ஒரு கல்லில்கூட வரி செங்குத்தாக இல்லை. எல்லாம் தரைக்கு இணையாகப் படுத்திருந்தன.

"என்னண்ணே, சுவத்துல என்ன எண்ணுறீக?"

கிட்டங்கியின் சொந்தக்காரர் சௌந்தரபாண்டி. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஏலக்காய். பேசும்போது ஒன்றை எடுத்து மென்றுகொண்டே இருப்பார். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று முகம் சொன்னது. ஆனாலும் உள்ளே உட்காரவைத்து, ஏலக்காய் தட்டிப் போட்ட டீ வரவழைத்தார்.

"கல்லு பாக்குறதுன்னா எங்க மலை ஸ்டோர வந்து பாருங்க. இதே கல்லுதான். குரங்கணிக்கு மேல. எங்க தாத்தா கட்டுனது. அவரு கையே அங்க இருக்கு."

"கையா?"

"அடுப்பு வாய்க்கு மேல ஒரு கல்லு. அதுல அவரு கை பதிஞ்சிருக்கு. கொத்தனாரு, இந்தக் கை வானத்தப் பாக்குறாப்புல வைக்கணும்னாராம். தாத்தா விடல. வானம் பாத்த கை ஏந்துற கையில்ல? ஏந்துற கை நம்ம ஸ்டோருக்கு வேணாம், உள்ள பாத்து வைய்யி, வந்த சரக்கு நிக்கணும்னாராம். இன்னைக்கு வரைக்கும் நிக்குது."

பச்சை ஏலக்காயை நெருப்புச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்கிறார்கள். மறுநாள் காலை அவர் மேலே போவதாகவும், கூட வரலாம் என்றும் சொன்னார். அவர் சொன்ன கதையில் ஓர் இடறல் இருந்தது. தாத்தா தன் கையைத் தானே பதித்திருந்தால், அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கொத்தனார் எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டும் ஒரே கதைக்குள் எப்படி இருக்கின்றன என்று சௌந்தரபாண்டி யோசித்ததாகத் தெரியவில்லை. பல தடவை சொல்லிப் பழகிய கதை அது.

மாலை நான்கு மணி. வாடகைச் சைக்கிள், மணிக்கு ஐம்பது காசு. சிலமலைப் பக்கம் போகும் சாலையில், கரட்டடியில் கல் உடைக்கும் சத்தம் கேட்டு இறங்கினேன். கருப்பையா என்பவரும் அவர் மனைவியும் இன்னும் நான்கு பேரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உடைத்து அடுக்கிய கற்கள் வரிசையாகக் கிடந்தன. ஏறக்குறைய நாற்பது. ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பில் ஓர் உள்ளங்கை.

சைக்கிளை நிறுத்திவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திருஷ்டிக்கா?" என்று கேட்டேன்.

கருப்பையாவின் மனைவி சிரித்தார். கையில் சுண்ணாம்புச் சட்டி இருந்தது. "கல்லுக்கு யாரு சார் கண்ணு போடப் போறா? இது தல அடையாளம்."

கருப்பையா உளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கல்லைப் பாறையிலிருந்து நெம்புவதற்கு முன், அது கிடக்கிற கிடையிலேயே மேல் பக்கத்தில் ஒரு கை வைத்துவிடுகிறார்கள். நெம்பியபின் கல் உருளும், லாரியில் ஏறும், புரளும். எது மேல், எது கீழ் என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. கொத்தனார் கையைப் பார்த்து, அதை மேலே வைத்துச் சுவரில் படுக்கவைப்பார்.

"கெடந்த மாதிரியே கெடக்கணும் சார். நிக்க வச்சா உரியும். வெங்காயம் கணக்கா."

"கை வைப்பது யார்?"

"அது பொம்பளையாளுக சோலி. சுண்ணாம்பு குழைக்கிறதும் அவுகதான். கருப்பட்டித் தண்ணி விட்டுக் குழைச்சா லேசுல போகாது."

"இவருக்கு வைக்கத் தெரியாதுங்க," என்றார் மனைவி. "ஒருக்கா வச்சாரு. பன்னி மிதிச்ச மாதிரி இருந்துச்சு."

"ஆமா, நீ வச்சா மீனாட்சி அம்மன் கை."

சுவரில் அடுக்கியபின் கை அடுத்த கல்லுக்கு அடியில் மறைந்துவிடும். ஆகவே போடியின் பழைய சுவர்களுக்குள் நூற்றுக்கணக்கான பெண்களின் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. மறுநாள் நான் பார்க்கப் போகும் கை தாத்தாவுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பது அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட, 'நிக்க வச்சா உரியும்' என்பதுதான் மனத்தில் நின்றது.

சனிக்கிழமை காலை ஆறரை. குரங்கணி ஜீப் போடி பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்து புறப்பட்டது. பதினாறு கிலோமீட்டர். பின்னால் மூன்று ரூபாய், முன்னால் ஐந்து. பதினான்கு பேர், இரண்டு மூட்டை அரிசி, ஒரு ஆடு. முந்தல் தாண்டியதும் சாலை கொட்டக்குடி ஆற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஓட்டுநர் தங்கவேல் ஒரு கையால் ஓட்டி, மறு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவுக்குப் பூட்டு இல்லை.

"ஆடு டிக்கெட் எடுத்துருச்சா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எடுத்துருச்சு. நீதான் இன்னும் எடுக்கல மாப்ளே."

ஏழே முக்காலுக்குக் குரங்கணி. இட்டிலி நான்கு, ஒரு ரூபாய். அங்கிருந்து ஏற்றம். முதல் ஒரு மணி நேரம் காபித் தோட்டம், அதற்கு மேல் பெரிய மரங்களின் நிழலில் ஏலச் செடிகள். மட்டக்குதிரைகள் மூட்டையோடு எதிரே இறங்கி வரும்போது மனிதர்கள்தான் ஒதுங்க வேண்டும். சௌந்தரபாண்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக ஏறினார். பத்தரைக்கு ஸ்டோரை அடைந்தோம்.

தாழ்வான கல் கட்டடம், தகரக் கூரை. உள்ளே ஒரே அறை, அதில் மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக. நெருப்பு அறைக்குள் இல்லை. வெளிச்சுவரில் ஒரு வாய், அதில் விறகு வைத்து எரிக்கிறார்கள். சூடு இரும்புக் குழாய் வழியாக அறையைச் சுற்றிப் போய் காயை உலர்த்துகிறது. அடுப்பு வாயின் முன்னால் சுவரோடு சாய்த்துப் போட்ட சிறு கூரை, ஒரு சாய்ப்பு. விறகு தள்ளுகிறவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், தொடர்ந்து ஒன்றரை நாள்.

சௌந்தரபாண்டி முதலில் என்னை உள்ளே கூட்டிப் போய் டார்ச் அடித்தார். வாய்க்கு மேலே குறுக்காக வைத்த கல், நான்கடி நீளம். அதன் உள்முகத்தில், புகையேறிய சுவரில், மஞ்சளாகிப்போன ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன.

"பாத்தீகளா?"

"பார்த்தேன்."

கல்லின் வரிகளையும் பார்த்தேன். போடிக் கிட்டங்கியில் படுத்திருந்த அதே வரிகள் இங்கே செங்குத்தாக நின்றன.

வெளியே வந்தபோது முற்றத்தில் ஆறு மூட்டைப் பச்சைக் காய் இறங்கியிருந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. சாய்ப்பில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாரியாயி, ஐம்பது வயதைத் தாண்டியவர், இருபது ஆண்டாக இந்த அடுப்பை எரிப்பவர்.

"என்ன மாரியாயி, இன்னும் மூட்டல?"

"மூட்டல அப்பு."

"காயி நேத்துப் பறிச்சது. இன்னைக்குச் சூடு ஏறலேன்னா நெறம் போயிரும். வெரசா மூட்டு."

"இங்கன உக்காந்து மூட்ட மாட்டேன்." கையிலிருந்த விறகுக் குச்சியால் வாய்க்கு மேலிருந்த கல்லைத் தட்டினார். கல் சத்தம் வரவில்லை. பானையைத் தட்டுவது போலக் கேட்டது. "போன வருசம் ஒரு பத்த விழுந்துச்சு. கால இழுத்துக்கிட்டேன். இப்ப அடுத்தது பொதபொதங்குது."

போன வருடம் விழுந்த பத்தையை அவர் எறியவில்லை. முறம் அளவு இருந்தது. மூன்று கல் மேல் வைத்து, டீச் சட்டி இறக்கி வைக்கும் பலகையாக ஆக்கியிருந்தார்.

"எழுவது வருசமா நிக்குது அந்தக் கல்லு," என்றார் சௌந்தரபாண்டி.

"எழுவது வருசமும் நீங்களா அப்பு அதுக்கடியில உக்காந்து எரிச்சீக?"

காய் கொட்டிக்கொண்டிருந்த இருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிரிப்பதற்காக இருக்கலாம்.

"சிமிட்டி பூசிரலாம்," என்றார் அவர். "நாளைக்கே ஆளு கூட்டியாறேன். இன்னைக்கு ஒரு நாள் பாரு."

"சிமிட்டி பூசுனா விழுறது தெரியாது. அம்புட்டுத்தான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. கல்லு படிச்சவருன்னீகளே. தாங்குமா, தாங்காதா?"

அடுத்தவர் வீட்டு விஷயத்தில் கருத்துச் சொல்வது என் தொழிலில் பழக்கமில்லை. பார்த்ததை எழுதிவிட்டு வருவதே வழக்கம். ஆனால் கல்லுக்குக் கீழே உட்காரப் போகிறவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததைச் சொன்னேன். பழைய பத்திரிகைக் கட்டைப் படுக்கவைத்தால் அதன்மேல் ஏறி நிற்கலாம். அதையே நிமிர்த்தி வைத்து ஒரு பக்கம் சூடு காட்டினால் வெளித்தாள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விழும். இந்தக் கல்லும் அப்படித்தான் நிற்கிறது. அடுத்த பத்தை விழும். எப்போது என்று சொல்ல முடியாது.

"கொத்தனாருக்குத் தெரியாதா அது? ஏன் நிமித்தி வச்சாரு?"

"தெரிந்திருக்கிறது. கை வானத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாரே."

பிறகு கருப்பையாவின் நாற்பது கற்களைப் பற்றியும், சுண்ணாம்புச் சட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. சுருக்கமாகச் சொன்னேன். சௌந்தரபாண்டி மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அது எங்க தாத்தா கை இல்லேங்கிறீக."

"உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை."

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாசலிலிருந்து பார்த்தேன். மூங்கில் தட்டின் மேல் ஒரு காலை வைத்து எம்பி, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். அவருடைய விரல்கள் ஒரு கணு அளவு வெளியே நீண்டன. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். இறங்கி வந்து வெகுநேரம் வேட்டியில் கரியைத் துடைத்தார்.

"தாத்தா என்னையவிட வாட்டசாட்டமான ஆளு," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பகல் ஒன்றரை. ஆறு மூட்டையும் மட்டக்குதிரைகளில் ஏறின. அரை மைல் தள்ளி இன்னொருவருடைய ஸ்டோர் இருக்கிறது. அங்கே உலர்த்திக் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு காய் கூலியாகப் போய்விடும். அந்த ஸ்டோர்க்காரருக்கும் இவருக்கும் எல்லைத் தகராறு. நான்கு ஆண்டாகப் பேச்சு இல்லையாம்.

"நான் கேட்டேன்னு சொல்லாத," என்று குதிரைக்காரரிடம் சொல்லி அனுப்பினார்.

"வேற யாரு கேட்டான்னு சொல்ல?"

"மாரியாயி கேட்டான்னு சொல்லு."

"அப்ப கூலியும் வாங்க மாட்டாரு," என்றார் மாரியாயி. "எனக்குப் பயப்படுவாரு."

ஞாயிறு காலை எட்டு மணி. கல்லை எடுத்துவிடலாம் என்று சௌந்தரபாண்டி முந்தின மாலையே சொல்லிவிட்டதால் நானும் இரவு அங்கேயே தங்கியிருந்தேன். சுவருக்கு இரண்டு பக்கமும் மரம் முட்டுக்கொடுத்தார்கள். கல்லுக்குப் பதிலாக ஓர் இரும்புத் தண்டவாளத் துண்டு தயாராக இருந்தது. முன்காலத்தில் மலைக்கு மேலே சிறு ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகளை உச்சியிலிருந்து குரங்கணிக்குக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கினார்கள். அந்தக் காலத்து இரும்பு என்றார்கள். சௌந்தரபாண்டியின் தகப்பனார் என்றோ ஏலத்தில் எடுத்துப் போட்டது. அதுவரை ஈரச் சாக்கு காயப்போடும் கழியாக இருந்தது. இருவர் கடப்பாரை போட்டார்கள். கல் இரண்டு அங்குலம் அசைந்ததும் வெளிமுகத்திலிருந்து ஒரு பத்தை தானாகக் கழன்று விழுந்தது. இரண்டு விரல் கனம், ஓர் ஆள் தூக்க முடியாத எடை. விழுந்த இடத்தில் மாரியாயியின் சாக்கு விரிப்பு கிடந்தது.

எல்லோரும் அந்தச் சாக்கையே பார்த்தார்கள். மாரியாயி வந்து பத்தையைப் புரட்டிவிட்டுச் சாக்கை உருவி, உதறி, மடித்து வைத்தார்.

"புதுச் சாக்கு ஒன்னு வேணும் அப்பு," என்றார்.

"நாலு வாங்கிக்க," என்றார் அவர்.

மீதிக் கல்லை இறக்கி முற்றத்தில் போட்டார்கள். கீழே வைக்கும்போது எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். சௌந்தரபாண்டி சொல்லுமுன் மாரியாயி, "கை மேல," என்றார். அப்படியே வைத்தார்கள். வெயிலில் பார்த்தபோது கை இன்னும் சின்னதாகத் தெரிந்தது. சுண்டு விரல் கொஞ்சம் வளைந்திருந்தது. மாரியாயி குனிந்து தன் கையை அதன்மேல் வைத்தார். அளவு சரியாக இருந்தது. சுண்டு விரலைத் தவிர.

"யாரும் மிதிக்காதீக," என்று சொல்லிவிட்டு சௌந்தரபாண்டி தண்டவாளத்தைச் சுவரில் ஏற்றப் போனார்.

பதினோரு மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்று பறித்த காய் இரண்டு மூட்டை உள்ளே ஏறியிருந்தது. அந்தக் கல் முற்றத்தில் இல்லை. சாய்ப்பில், அடுப்பு வாய்க்கு நான்கடி தள்ளிக் கிடந்தது. அதன்மேல் மாரியாயி உட்கார்ந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார். விறகு தள்ளுவதற்குச் சரியான உயரம்.

சௌந்தரபாண்டி பார்த்துவிட்டார். "ஏ மாரியாயி, அதுமேலயா உக்காருவ?"

"உங்க தாத்தா கையின்னா உக்காருவனா அப்பு? இது யாரோ ஒருத்தி கை. எங்காத்தாளும் கல்லுக் காட்டுக்குப் போனவதான். இவ ஒன்னும் சொல்ல மாட்டா."

அவர் சட்டைப் பைக்குள் ஏலக்காயைத் தேடினார். ஒன்று எடுத்து எனக்கும் கொடுத்தார்.

"நுனியில உக்காரு," என்றார் கடைசியில். "கைய மறைக்காம."

மாரியாயி ஒரு சாண் நகர்ந்துகொண்டார்.

இறங்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. குரங்கணியில் தங்கவேலின் ஜீப் நின்றது. இந்த முறை ஆடு இல்லை. கதவுக்குக் கயிறு கட்டியிருந்தார். போடியில் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கிட்டங்கிச் சுவரை இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். வரிகள் படுத்திருந்தன. வெள்ளிக்கிழமை அதில் வரிகளை மட்டும் எண்ணியிருந்தேன், உள்ளே இருக்கும் கைகளை அல்ல.

மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஒரு கருங்கல் படி இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு முன் வீடு கட்டும்போது மேற்கேயிருந்து வந்த கல் என்று மட்டும் தெரியும். திங்கட்கிழமை விடிந்ததும் அதன் பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன். பதினொரு வரி, எல்லாம் படுத்தே இருந்தன. கொத்தனார் சரியாகத்தான் வைத்திருக்கிறார். அப்படியானால் கை இருந்தது மேல்பக்கம். நாங்கள் முப்பது ஆண்டாக ஏறி இறங்கி வழவழப்பாக்கிய இடம் அது.